ஓய்வுக்கு முன்பே மருத்துவச் செலவைக் கணக்குப் போடுங்கள்

அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்ற நம்பிக்கையில், யாழ்ப்பாணத்தில் பலர் ஓய்வுகாலக் கணக்கில் மருத்துவத்துக்கென்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை, மந்திகை ஆதார வைத்தியசாலைகளிலோ கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் காசு கேட்பதில்லை, உண்மைதான். கையைக் கடிப்பது சுற்றுச்செலவு: கையிருப்பில் இல்லாத குளிசையை வெளி பார்மசியில் வாங்குவது, தவணை தள்ளிப்போகிறதென்று ஸ்கானைத் தனியாரில் எடுப்பது, கொழும்புக்கு வான் பிடிப்பது, இரவில் கூட நிற்க ஆள் வைப்பது.

முதலில் மூன்று மாதத்துக்கு கிளினிக் கொப்பிக்குள் ஒரு தாளை வைத்து மருந்து, பரிசோதனை, போக்குவரத்து என்று செலவான ஒவ்வொரு ரூபாவையும் எழுதுங்கள். கணவனுக்கு ஒரு தாள், மனைவிக்கு ஒரு தாள். பெரும்பாலான வீடுகளில் மனைவியின் செலவுதான் கணக்கில் விடுபடுகிறது. மாதம் 6,000 ரூபா வருகிறது என்று வையுங்கள். விலை ஆண்டுக்கு 10 வீதம் ஏறினால் ஏழு வருடத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும்: 60 வயதில் 6,000, 67இல் ஏறக்குறைய 12,000, 74இல் ஏறக்குறைய 23,000. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால், 2022இல் ரூபா சரிந்ததும் மருந்து விலையும் கூடவே ஏறியது.

தனியார் துறையில் இருந்தவருக்கு மாதாமாதம் பென்சன் இல்லை. தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டிச் சேர்ந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணம் மொத்தமாகக் கைக்கு வரும். வீடு திருத்தவோ மகளின் கலியாணத்துக்கோ அதில் கை வைக்குமுன் மருத்துவப் பங்கைப் பிரித்து விடுங்கள். 6 இலட்சம் ஒதுக்கினால் ஒரே நிலையான வைப்பில் போடாதீர்கள். 2 இலட்சமாக மூன்று வைப்பு, மூன்று மாதத் தவணை, மாதத்துக்கு ஒன்றாக முதிர்வது போல. அவசரத்தில் ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டின் வட்டி தப்பும்.

காப்புறுதியில் பலரும் பிந்தி விடுகிறார்கள். வேலைத்தலம் கொடுத்த குழுக் காப்புறுதி வேலையோடு முடிந்துபோகும். 60க்குப் பிறகு புதிதாக எடுக்கப் போனால் கட்டணம் மிக அதிகம். சலரோகம், பிரஷர் இருந்தால் அவற்றை விலக்கித்தான் தருவார்கள், அல்லது தரவே மாட்டார்கள். ஐம்பதின் தொடக்கத்தில் எடுங்கள். இருக்கிற வருத்தத்தை விண்ணப்பத்தில் மறைக்கவே வேண்டாம், முகவர் "எழுதத் தேவையில்லை" என்றாலும். கிளினிக் கொப்பியில் முதல் மருந்து எழுதிய திகதி இருக்கிறது. கோரிக்கை வரும்போது நிறுவனம் அதைப் பார்த்து மறுத்துவிடும்.

கையொப்பமிடுமுன் இவற்றைக் கேளுங்கள்: மருத்துவப் பகுதி எந்த வயதில் நிற்கும்? ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிய மருத்துவப் பகுதி, அந்த ஆயுள் காப்புறுதி முடியுமுன்பே நின்றுவிடலாம். காத்திருப்புக் காலம், அதாவது எடுத்த பிறகு கோரிக்கை வைக்க முடியாத ஆரம்பக் காலம், எவ்வளவு? அரச ஆஸ்பத்திரியில் தங்கினால் ஒரு இரவுக்கு எவ்வளவு தருவீர்கள்? எங்கள் ஊருக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் பெரிய வருத்தத்துக்கு நாங்கள் போகப்போவது போதனாவுக்கே. அந்தக் காசு சுற்றுச்செலவுக்கு நேரே உதவும். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது டயக்னோசிஸ் கார்ட்டை (நோயும் சிகிச்சையும் எழுதிய அட்டை) வாங்கி உடனே பிரதி எடுத்து வையுங்கள்; அனுமதித்த, வெளியேறிய திகதிகள் அதில் சரியாக இருக்கின்றனவா என்று வாசலிலேயே பாருங்கள்.

அரச ஊழியர்கள், அக்ரஹார என்ற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதி ஓய்வுக்குப் பின் தங்களுக்கு எப்படித் தொடரும் என்பதைக் கடைசிச் சம்பளத்துக்கு முன்பே அலுவலகத்திலும் பிரதேச செயலக ஓய்வூதியப் பிரிவிலும் கேட்டுத் தெளிவாக்க வேண்டும்.

பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் காசு வரும்; நீங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கையில் அதை எடுப்பது யார்? வங்கிக் கணக்கில் பின்னுரித்தாளர் (நொமினி) என்று பெயர் கொடுத்தவருக்கு உங்கள் மரணத்துக்குப் பிறகுதான் உரிமை. ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவரோடு கூட்டுக்கணக்கு ஒன்று திறந்து, இருவரில் எவரும் தனியே கையொப்பமிடலாம் என்று படிவத்தில் குறிப்பிடுங்கள். இருவரும் சேர்ந்தே ஒப்பமிட வேண்டும் என்று இருந்தால் கணக்கில் காசு இருந்தும் எடுக்க முடியாது. அதில் மூன்று மாதச் செலவுக்கு மேல் வைக்க வேண்டாம்.