வெய்யில் படாத பக்கத்துக்கு ஒரு பறவைக்கூட்டுப் பன்னம்

கொழும்பு வீடுகளில் சுவருக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய துண்டு நிலம் இருக்கும், ரோஜாவும் வராது, புல்லும் பிடிக்காது. அந்த இடத்துக்கு நான் முதலில் சொல்வது பறவைக்கூட்டுப் பன்னம்தான், நடுவைச் சுற்றி இலைகள் கூடு போல விரியும் பூக்காத செடி. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் மரக்கிளைகளில் தானாகவே வளர்வது, வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும். பத்தரமுல்லை தியத்த உயன பக்கத்துச் செடிக்கடைகளில் ‘பேர்ட்ஸ் நெஸ்ட் பேர்ன்’ என்று கேளுங்கள். சிங்கராஜா பக்கம் போய்ப் பிடுங்கிவர வேண்டாம், அது குற்றம்.

இது மரத்தில் ஒட்டி வாழ்வது, வேருக்குக் காற்று வேண்டும். தோட்டத்து மண்ணில் புதைத்தால் மாரி மழையில் மண் இறுகிச் சேறாகி வேர் அழுகிவிடும், ‘நல்லாத்தானே தண்ணி விட்டேன்’ என்று புலம்புகிறவர்கள் பாதிப்பேருடைய கதை இதுதான். பொச்சுமட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, சிரட்டைக்கரி ஒரு பங்கு, உக்கிய இலை ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். மட்டையை ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து அந்தக் கறைத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அகலமான மண்சாடி, அடியில் நிறைய ஓட்டை. நடுக்குருத்து கலவைக்கு மேலே நிற்கட்டும். இலை 1 மீற்றருக்கு மேலேயும் நீளும் என்பதால் சுற்றி இடம் விடுங்கள்.

மாமரம் இருந்தால் சாடியே தேவையில்லை. கவையில் பொச்சு வைத்து, செடியைச் சாய்த்து, தும்புக் கயிற்றால் கட்டிவிடுங்கள், வேர் மெல்லமெல்லத் தானே பிடித்துக்கொள்ளும். கொய்யா சரிவராது, பட்டை உரிந்து விழும் மரம் அது. விழும் சருகெல்லாம் நடுக்கூட்டில் சேர்ந்து உக்கும், அதுதான் அதற்குச் சாப்பாடு, எனவே துப்புரவாக்குகிறேன் என்று அள்ளி எடுக்காதீர்கள்.

சாடியில் இருப்பதற்குக் குருத்தில் ஊற்றாமல் சுற்றிவர ஊற்றுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஜனவரி, பெப்ரவரி வரட்சியில்தான் கவனம், கலவைக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். வெள்ளவத்தை மாதிரிக் கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் இலை ஓரம் கருகும், அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மதிய வெய்யில் பட்டாலும் வெளிறிப் பின் பழுப்பாகும். சாடிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

அப்புறம், இலையின் பின்பக்கம் நடுநரம்பிலிருந்து சரிவாக, சீப்புப் பல் போல வரிசையாகப் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் பூச்சி என்று மருந்து அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள், அவை வித்திக் கூட்டங்கள், பன்னத்துக்கு விதைக்குப் பதிலாக இருக்கும் தூள். ஈரமான பழைய மதில்களில் இந்த வித்திகளிலிருந்து குட்டிச் செடிகள் முளைப்பதும் உண்டு. உண்மையான தொல்லை நத்தைதான். சுருண்டு வரும் இளம் இலையை இரவில் அரித்துவிடும், அது பிறகு விரியும்போது கிழிந்தபடியே விரியும். மழை விட்ட இரவுகளில் டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குங்கள், கையில் உறை போட்டுக்கொண்டு.