பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கும் டொராண்டோ பிள்ளைகளுக்கு: ஹீட்டரை நிறுத்திவிட்டா வந்தீர்கள்?

காரைக்குடியில் அப்பத்தா வீட்டு வளவில், அதாவது வானம் பார்த்த நடு முற்றத்தில், உட்கார்ந்து எழுதுகிறேன். டொராண்டோ பக்கம் அடுத்த சில நாட்களுக்குச் சொல்லியிருக்கும் வானிலையைப் பார்த்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. முதலில் பனி, அப்புறம் கொஞ்சம் வெதுவெதுப்பாகி உறைமழை, பின்னாலேயே கடுங்குளிர். தேவகோட்டை, கோட்டையூர், புதுவயலிலிருந்து புதிதாக அங்கே போன பிள்ளைகள் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பொங்கலுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாங்குங்கள். அரசு வானிலை எச்சரிக்கையைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். உறைமழை பார்வைக்கு நம்மூர்த் தூறல் மாதிரியே இருக்கும், ஆனால் விழுந்த இடத்தில் கண்ணாடியாகப் படியும். 2013 டிசம்பரில் அப்படிப் படிந்த கனத்தில் கிளைகள் மின்கம்பிகள் மேல் முறிந்து விழுந்து, டொராண்டோவில் லட்சக்கணக்கானோர் கிறிஸ்துமஸ் சமயத்தில் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள். கரண்ட் போனால் கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நம் பக்கம் வீடு பூட்டுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். அப்பத்தா ஒவ்வொரு கட்டாக நடந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, கேஸை மூடி, கடைசியில் முகப்பில் நின்று, "மெயினை அமத்திட்டியாப்பா?" என்று கேட்பார். அங்கே வீடு வாங்கிய முதல் குளிர்காலத்தில் ஊருக்குக் கிளம்பும்போது நானும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை நிறுத்தி, மெயினை அமர்த்திவிட்டு வந்தேன். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு?

தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். வெளிச்சுவரை ஒட்டிப் போன சமையலறைக் குழாய் அதில் கிழிந்துவிட்டது. உறைந்திருக்கும் வரை கட்டியே அடைப்பாக நிற்பதால் ஒன்றும் தெரியாது. குளிர் விட்ட அன்றைக்குத்தான் பீறிட்டது. இப்போது வருவது போல மாறி மாறி அடிக்கும் வானிலையில் அந்த வெதுவெதுப்பான நாளுக்குத்தான் நான் பயப்படுகிறேன். திரும்பிப் போனபோது மரத்தரை அலை அலையாக எழும்பியிருந்தது. கீழ்த்தளத்தில் ஆத்தா கொடுத்தனுப்பிய சீப்புச் சீடை டப்பா மிதந்தது. குழாயில் இருந்த கிழிசல் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

இன்சூரன்ஸில் முதலில் கேட்டது, "நீங்கள் இல்லாதபோது தினமும் வந்து பார்த்தது யார்?" என்றுதான். குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வெளியே போனால் ஒருவர் தினமும் வந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும் என்று அங்கே பல பாலிசிகளில் இருக்கிறது. நான் இரண்டையும் செய்யவில்லை, ஒரு டாலர்கூட வரவில்லை. இரண்டு வருடச் சேமிப்பு போயிற்று. பாலிசியை விற்றவர் இதை ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இந்த வளவில் மழை கொட்டும்போது அண்டா வைத்துப் பிடித்து வளர்ந்தவன் நான். வீட்டுக்குள் தண்ணீர் விழுவதைக் கண்டு பயந்ததே இல்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஐயாமார்கள் கண்டதும் மழைதான். குழாய் உறையும் என்று வீட்டில் யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

அதனால் வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை 15 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் மீட்டர் பக்கம் இருக்கும் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து வடித்துவிடுங்கள். வெளிச்சுவர்ப் பக்கம் சிங்குக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவு திறந்தே இருக்கட்டும். ஃபர்னஸ் புகைக்குழாய் வாயைப் பனி மூடினாலும் அது நின்றுவிடும், தினமும் வீட்டைப் பார்க்க வருபவரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடுதானே என்று இருக்காதீர்கள், உங்கள் கவனக்குறைவு என்றால் வீட்டுக்காரர் நஷ்டத்தை உங்களிடம் கேட்பார். ஏற்கெனவே எல்லாவற்றையும் அமர்த்திவிட்டு வந்திருந்தால் இன்றைக்கே அங்கே யாரையாவது கூப்பிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுச் சாவி இந்த முறை எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் இருக்கிறது. தினமும் போய்த் தெர்மோஸ்டாட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார். இன்றைய படத்தில் 17.