கூரை போட்டுக் கொடுத்தால் போதும்: ஹோப்ளோ கெளுத்தியைக் குஞ்சு பொரிக்க வைப்பது எப்படி?

முட்டைக்காகத் தண்ணீர்மேல் கட்டும் நுரைக்கூடு என்றதும் எல்லோருக்கும் ஃபைட்டர் மீன்தான் நினைவுக்கு வரும். கெளுத்தியிலும் அப்படிக் கூடு கட்டும் இனம் உண்டு: தென் அமெரிக்காவில் அமேசான், ஓரினோகோ ஆறுகளின் பக்கத்துச் சேற்றுக் குட்டைகளில் வாழும் ஹோப்ளோ. வீட்டுத் தொட்டிக்குத் தோதானது, உடம்பெல்லாம் புள்ளி போட்ட மெகாலெக்கிஸ் தோரக்காட்டா. 12 முதல் 15 செ.மீ. வரை வளரும்.

1. ஜோடி சேர்த்தல்
ஓர் ஆணுக்கு இரண்டு பெண். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடாதீர்கள், அடித்துக்கொள்ளும். ஆணின் மார்புத் துடுப்பு முள் தடித்து ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். பெண்ணுக்கு மெலிந்திருக்கும், வயிறு உப்பியிருக்கும். பிடிக்கும்போது வலை வேண்டாம். முள் வலையில் மாட்டினால் எடுக்கவே வராது. டப்பாவால் மொண்டு எடுங்கள்.

2. தொட்டி
மூன்றடி நீளம், சுமார் 100 லிட்டர். அடியில் மெல்லிய மணல். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் சுவாசிக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், நன்றாகக் குதிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை (காற்றால் இயங்கும் பஞ்சு வடிகட்டி) மெதுவாக ஓட விடுங்கள். மேற்பரப்பு அலைந்தால் கூடு நிற்காது.

3. கூரை
முக்கியமான வேலை இதுதான், இதன் அடியில்தான் ஆண் கூடு கட்டும். 15 செ.மீ. அகலத்துக்குத் தெர்மாகோல் துண்டோ, ஐஸ்கிரீம் டப்பா மூடியோ எடுத்து, இருட்டான மூலையில் மிதக்கவிட்டு நூலால் கட்டுங்கள். பக்கத்தில் கொஞ்சம் ஆகாயத்தாமரை. ஆண் அதன் வேரைப் பிய்த்துக் கூட்டில் சொருகிக்கொள்ளும்.

4. மழையை வரவழைத்தல்
இரண்டு வாரம் மண்புழு, பிளட் வார்ம் (சிவப்பு நிறப் பூச்சிப்புழு) என்று தாராளமாகத் தீனி. பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் 3, 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்கட்டும். குளோரின் போயிருக்க வேண்டும். அவற்றின் ஊரில் மழைக்காலத் தொடக்கமே முட்டையிடும் பருவம். புயல் சின்னம் என்று செய்தி வரும் நாளில் தண்ணீர் மாற்றுவது என் வழக்கம். பல வளர்ப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

5. கூடும் முட்டையும்
ஆண் கூரைக்கடியில் மல்லாந்து திரும்பி நுரை கக்கும். நுரை மெத்தை தடித்துக்கொண்டே போகும். பெண் சில சில முட்டைகளாக அடித்துடுப்புகளுக்கிடையே ஏந்திப்போய் மேலே ஒட்டும். மொத்தம் நூற்றுக்கணக்கில் சேரும். முடிந்ததும் பெண்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆண் துரத்தித் துரத்திக் குத்தும். உங்கள் கையையும் விடாது, முள் நன்றாகவே கிழிக்கும். முட்டைக்குக் காவல் காக்கும் நாட்களில் ஆண் சரியாகச் சாப்பிடாது, பயப்பட வேண்டாம்.

6. குஞ்சு
27 டிகிரியில் ஏறக்குறைய நாலு நாளில் பொரியும். மூன்றாம் நாள் வரை அப்பனிடமே விடுங்கள். அதற்குப் பிறகு கூரையை முட்டையோடு அப்படியே தூக்கி, அதே தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டியில் மிதக்கவிட்டு, அடியில் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழிகளாக விடும் கல்) வையுங்கள். வெள்ளையாகப் பூசணம் பிடித்த முட்டைகளைப் பொறுக்கிவிடுங்கள்.

மஞ்சள்கரு தீர இரண்டு நாள் ஆகும், அதுவரை தீனி வேண்டாம். பிறகு அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (நுண்ணிய உப்புநீர் இறால்), மைக்ரோ வார்ம் (நுண்புழு). குஞ்சுகள் தரையில்தான் மேயும், மிதக்கும் தூளைப் போட்டுப் பயனில்லை. மிச்சத் தீனியைத் தினமும் மெல்லிய ஏர் டியூபால் உறிஞ்சி எடுங்கள். இந்த வயதில் குஞ்சுகள் சாவது பசியைவிட அழுக்குத் தண்ணீரால்தான்.