பழைய ஜப்பானிய ஜாடி வாங்கியாச்சா? முதலில் உப்பை எடுங்கள்

கியோட்டோ தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ம் தேதி கூடும் சந்தையில் பழைய ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான மண்) ஜாடிகள் தரையிலேயே கிடக்கும். குறுகிய வாய் என்றால் த்சுபோ, அகன்ற வாய் என்றால் காமே. பிசென், தம்பா, தொக்கோனமே என்று ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் மண்பாண்ட வகைகள் எல்லாமே அழகுதான். ஆனாலும் என் ஓட்டு ஷிகராக்கிக்கு. உடம்பெல்லாம் வெள்ளைப் பரல் துருத்திக்கொண்டு, தோளில் விறகுச் சாம்பல் உருகிப் பச்சையாக வழிந்திருக்கும்.

1. விரலால் சுண்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல். டார்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள்.

2. வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ். சோப்பு, பிளீச் பக்கமே போகாதீர்கள். மெருகு (கிளேஸ்) பூசாத மண் அவற்றைக் குடித்துவிடும்.

3. உப்பு. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), உமெபோஷி (உப்பில் ஊறிய உமே பழம்) ஊறிய ஜாடி என்றால் உப்பு மண்ணுக்குள்ளேயே இறங்கியிருக்கும். கழுவிக் காயவைத்துச் சில வாரம் கழித்து அடிவயிற்றில் வெள்ளைப் பொடி பூக்கும். பூஞ்சையோ என்று பயப்பட வேண்டாம். ஈர பிரஷால் தொட்டால் கரைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது உப்பு. துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஈரம் வெளியேறும்போது உப்பையும் இழுத்து வருகிறது. அது மேற்பரப்புக்கு அடியில் படிகமாகி, மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும்.

ஜாடி முழுக்க மூழ்கும்படி பெரிய டப்பில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். எப்போது நிறுத்துவது? இங்கேதான் டிடிஎஸ் மீட்டர் வேண்டும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி. மலிவானதே போதும். ஒரு நாள் ஊறிய பிறகும் அளவு குழாய்த் தண்ணீரை விட ஏறவில்லையென்றால் வேலை முடிந்தது. கடைசி முறை மட்டும் காய்ச்சி வடித்த நீர். அப்புறம் நிழலில் மெதுவாகக் காயட்டும். ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள்.

4. ததாமியில் நேராக வைத்தால் பாய் அமுங்கிவிடும். அடியில் ஒரு மரப்பலகை போடுங்கள். நிலநடுக்கத்துக்கு ஒட்டும் ஜெல் விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, மெருகில்லாத அடிப்பாகத்தில் எண்ணெய்க் கறை விடலாம். துணிப்பையில் மணல் கட்டி உள்ளே இறக்கினால் அடி கனத்து நிற்கும். பூ வைப்பதென்றால் தண்ணீரை ஜாடியில் ஊற்றாமல், உள்ளே ஒரு டம்ளரை இறக்கி அதில் ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: உடைந்து ஒட்டிய ஜாடியையும் ஊறவைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. பிளாஸ்டர் அடைத்திருந்தால் இளகிவிடும். உருஷி (ஜப்பானிய மர அரக்கு) வைத்துப் பொன்பொடி பூசிய ஒட்டையும் ஊறப்போடாதீர்கள். அவற்றுக்கு ஈரத்துணி போதும். உப்பு பூத்தால் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, ஏசி காற்று நேராகப் படாத மூலையில் வையுங்கள்.