பழைய பல்ப் படங்களை நேசித்து வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரையக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தங்கள் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாருக்கும் 1930, 40களின் அமெரிக்க பல்ப் இதழ்கள், அதாவது மலிவுத் தாளில் வந்த கதை இதழ்கள், அவற்றின் படங்கள் மேல் பைத்தியம். வேற்றுக்கிரக நகரங்கள், கல்லறையிலிருந்து எழும் உருவங்கள், வாளோடு நிற்கும் ராணிகள். எனக்கும் இருபது வருடமாக அதே பைத்தியம்தான். கூடத்துத் தரையில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிசையவும் ஆரம்பித்தது, ஏனென்றால் நான் காசும் நாளும் கொட்டித் திருத்திக்கொண்ட அதே தவறுகள் அங்கே ஒவ்வொரு தாளிலும் இருந்தன.

உடற்கூறு படி, பெர்ஸ்பெக்டிவ் பழகு, தினமும் வரை என்பதெல்லாம் எல்லா ஓவியத்துக்கும் பொது, அதைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தப் பாணியை விரும்பி வருகிறவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

காகிதத்தின் வயதைச் சேர்த்து வரைவது

படம் முடிந்ததும் அதன்மேல் ஒரு பழுப்பு டெக்ஸ்ச்சர், ஓரங்களில் கறை, நடுவில் ஒரு மடிப்புக் கோடு. கேட்டால் "விண்டேஜ் லுக்" என்கிறார்கள். அந்த இதழ்கள் அச்சாகி வந்த அன்று அப்படி இல்லை. உள்பக்கங்கள் மலிவான மரக்கூழ்க் காகிதம், பல்ப் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பல வருடங்களில் பழுத்துப்போனது. அட்டைகளோ கடையில் நூறு இதழ்களுக்கு நடுவே கண்ணைப் பறிக்கவென்றே போடப்பட்டவை. 1926 ஏப்ரலில் வந்த அமேசிங் ஸ்டோரீஸ் முதல் இதழின் அட்டையை ஃபிராங்க் ஆர். பால் வரைந்தார். அவருடைய சிவப்பும் மஞ்சளும் இன்று பார்த்தாலும் அடிக்கிற மாதிரி இருக்கும். மார்கரெட் பிரண்டேஜ் வியர்ட் டேல்ஸ் அட்டைகளைப் பேஸ்டலில் வரைந்தார், தொட்டாலே பொடி ஒட்டிக்கொள்ளும் மென்மை அது. 1938இல் அந்த இதழின் அலுவலகம் சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குப் போனபோது, பேஸ்டல் படங்களை அவ்வளவு தூரம் கலையாமல் அனுப்புவது பெரும்பாடாக இருந்தது. அவருடைய அட்டைகள் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். இவ்வளவு பாடுபட்டுப் போட்ட வண்ணத்தை நாம் பழுப்புக்குள் அமுக்கக் கூடாது. ஸ்கேன் கிடைத்தால் முதல் வேலையாக அதிலிருக்கும் மஞ்சளை நீக்கிவிட்டு, அப்புறம் படத்தைப் பாருங்கள்.

கறுப்பை முடிவு செய்யாமல் புள்ளி வைக்க உட்காருவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல்ப் ஓவியர் வர்ஜில் ஃபின்லேயைப் பார்த்துத்தான் எல்லாரும் புள்ளி புள்ளியாக வைத்து நிழல் காட்டும் இந்த முறைக்கு வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். 1935 டிசம்பர் வியர்ட் டேல்ஸில் அவருடைய படங்கள் முதன்முதலாக வந்தன, அப்போது அவருக்கு 21 வயது. மெல்லிய நிப்பை மையில் தோய்த்து, நிப் படாமல் மைத்துளி மட்டும் தாளைத் தொடும்படி ஒரு புள்ளி, நிப்பைத் துடைத்து மறுபடி தோய்த்து அடுத்த புள்ளி, இப்படி வேலை செய்த மனிதர். இதைப் படித்ததும் நமக்கு என்ன தோன்றும்? பொறுமைதான் ரகசியம், புள்ளிகளை அடுக்கிக்கொண்டே போனால் ஃபின்லே வந்துவிடுவார் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது.

2011இல் ஒரு சிறுபத்திரிகை பேய்க்கதைச் சிறப்பிதழ் போட்டது. கிணற்றுக்குள்ளிருந்து தலைமுடி விரிய எழும் ஒரு பெண்ணுருவம், அதை வரைய ஒப்புக்கொண்டேன். ஏ3 தாள், 0.1 பேனா, பென்சில் கோட்டுக்குப் பிறகு நேராகப் புள்ளிதான், இடது மேல் மூலையில் ஆரம்பித்து 19 இரவுகள். வேலைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். நேரில் பார்த்தவர்கள் எல்லாரும் மலைத்துப்போனார்கள். இதழ் வந்தது. 4 அங்குல அகலத்தில், சொரசொரப்பான தாளில், என் படம் ஒரு சாம்பல் கறையாக இருந்தது. நிழல் பக்கத்தில் மை பரவிப் புள்ளிகளுக்கு நடுவிலிருந்த வெள்ளையெல்லாம் அடைந்துவிட்டது, வெளிச்சப் பக்கத்துப் புள்ளிகள் பாதி காணாமலே போய்விட்டன. கிணறு எது, முடி எது, முகம் எது என்று எனக்கே தெரியவில்லை.

பல நாள் அச்சகத்தின் மேல்தான் கோபமாக இருந்தேன். பிறகு ஒரு நாள் ஃபின்லேயின் படம் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து, அறையின் மறுகோடிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை, ஆனால் படம் அப்படியே தெரிந்தது. பெரும்பகுதி சுத்தக் கறுப்பு, அதற்கு எதிராக ஒரு பெரிய வெள்ளை, புள்ளிகள் இருந்தது கறுப்பு வெள்ளையாகத் திரும்பும் விளிம்பில் மட்டும். நான் படம் முழுக்கப் பரப்பியிருந்த வேலையை அவர் ஒரு சில இடங்களுக்காகச் சேமித்து வைத்திருந்தார்.

காரணம் அச்சுமுறையில் இருக்கிறது. உள்பக்கப் படங்கள் துத்தநாகத் தகட்டில் எடுத்த லைன் பிளாக்கில் அச்சாயின. அதில் மை உள்ள இடம் கறுப்பு, இல்லாத இடம் வெள்ளை, நடுவில் சாம்பல் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஹால்ஃப்டோன் முறையில் சாம்பலைக் கொண்டுவரலாம், ஆனால் பல்ப் தாளில் அது கலங்கிவிடும். அதனால் சாம்பல் வேண்டிய இடத்தில் ஓவியரே புள்ளியோ கோடோ போட்டுக் கண்ணை நம்பவைக்க வேண்டியிருந்தது. நம் ஊரிலும் பத்திரிகை ஓவியர்கள் இந்த அச்சுத் தகட்டை மனசில் வைத்துத்தான் வரைந்தார்கள், சில்பியின் கோயில் சித்திரங்களில் தூண்களுக்குப் பின்னால் இருட்டு எவ்வளவு துணிச்சலாக நிற்கிறது என்று பாருங்கள்.

அன்றைக்கு வந்திருந்த பிள்ளைகளில் ஒரு பெண் ஆறு வாரமாக ஒரே படத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். "இன்னும் ரெண்டு வாரம் வச்சா டெப்த் வந்துடும்ணா" என்றாள். "வராதும்மா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஆனால் சொன்னேன். எல்லாம் ஒரே சாம்பலில் உட்கார்ந்திருந்தது. புள்ளி கூடக்கூட அந்தச் சாம்பல் மொத்தமாகக் கறுக்குமே தவிர முகம் முன்னால் வராது.

சரி, என்ன செய்வது? 3 அங்குலத் தாளில் தடித்த மார்க்கரால் கறுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்து அந்தப் படத்தைப் போடுங்கள், பத்துத் தடவையாவது. அதைப் போனில் படமெடுத்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். புரியாவிட்டால் புள்ளியால் அதைக் காப்பாற்ற முடியாது. அது தேறிய பிறகு பெரிய தாளில் முதலில் ப்ரஷ்ஷால் கறுப்பை நிரப்புங்கள். கை நடுங்கும், பரவாயில்லை. பேனாவைக் கடைசியில் எடுங்கள். அச்சாகப் போகும் அளவை முதலிலேயே கேட்டுக்கொண்டு, அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக வரையாதீர்கள். நான் ஏ3இல் வைத்த 0.1 மில்லிமீட்டர்ப் புள்ளி அச்சில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது, அதை எந்த அச்சகமும் பிடித்திருக்க முடியாது.

முடிந்தால் புள்ளிக்கு முன்னால் கொஞ்ச நாள் ஸ்கிராட்ச்போர்டு பழகுங்கள், ஃபின்லே அதிலும் வரைந்தவர். வெள்ளைக் களிமண் பூச்சின்மேல் கறுப்பு மை, அதைக் கீறி வெள்ளையை வெளியே எடுக்க வேண்டும். கறுப்பு முன்பே அங்கே இருப்பதால் வெளிச்சம் எங்கே வேண்டும் என்று முடிவு செய்யாமல் கையையே வைக்க முடியாது.

ஃபிராஸெட்டா ஒருவரை மட்டும் பார்ப்பது

ஃபிராஸெட்டா வாள்வீரர்களையும் பூதங்களையும் வரைந்து பேரெடுத்தவர். அவர் பார்த்து வளர்ந்த முந்தைய தலைமுறை ஓவியர் ஜே. ஆலன் செயின்ட் ஜானையும் பாருங்கள்.

எலும்பில்லாத பூதம்

பழைய படங்களிலிருந்து கொடுக்குகளையும் வால்களையும் எடுத்து ஒட்டிப் பூதம் செய்கிறார்கள், அது நிற்காது, நகராது. பூதத்துக்கும் எடை உண்டு, மூட்டு உண்டு. ஆக்டோபஸ் மாதிரிக் கைகள் வேண்டுமானால் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய்க் கணவாயைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள், அந்தத் தோலின் வழுவழுப்பு எந்த ஸ்கேனிலும் இல்லை. செஸ்லி போன்ஸ்டெல் 1944இல் லைஃப் இதழுக்காக, சனியின் துணைக்கோள்களிலிருந்து சனி எப்படித் தெரியும் என்று வரைந்தார். கட்டடக்கலை படித்து, ஹாலிவுட்டில் பின்னணி ஓவியராக வேலை பார்த்தவர், வானத்தில் கிரகம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கோணம் கணக்கிட்டுப் போட்டார். யாரும் போகாத இடம், ஆனால் போய் வந்தவர் வரைந்த மாதிரி இருக்கும்.

இயந்திரத்தின் கீழே ஆள் இல்லாமல் விடுவது

ஃபிராங்க் ஆர். பால் வரைந்த நகரங்கள் அவ்வளவு பெரிதாகத் தெரிவது அடியில் நிற்கும் குட்டி மனிதர்களால்தான்.

பார்த்து வரைந்ததை விற்பது

கூடாது. பழக எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்து வரையுங்கள், பின்பக்கத்தில் அசல் ஓவியரின் பெயரை எழுதி வையுங்கள்.

ஃபவுண்டன் பேனா மை

வேண்டாம், பெரும்பாலானவை வெயில் பட்டால் வெளுத்துப்போகும். இந்தியன் இங்க் வாங்குங்கள், ஆனால் அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.