‘பருவமே மாறிப்போச்சு’ என்று சொல்லும் முன்: தோட்டத்து மழைக்குக் கணக்கு வைப்பது எப்படி?

மழை பொய்த்தாலும் சொல்கிறோம், கொட்டித் தீர்த்தாலும் சொல்கிறோம், ‘பருவமே மாறிப்போச்சுங்க’ என்று. மாறவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எது புதிதாக மாறியது, எது தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான் என்று பிரித்துப் பார்க்க ஒரு நோட்டும் மழைமானியும் போதும்.

முதலில் நாம் எந்த மண்டலத்தில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். வெப்பத்தையும் மழையையும் வைத்து உலகத்தைப் பிரிக்கும் கோப்பன் வகைப்பாட்டில் கொங்குச் சமவெளியின் பெரும்பகுதி வெப்பமான அரை வறண்ட பகுதி. சகாராவுக்குத் தெற்கே இருக்கும் சாகேலும் இதே வகைதான். ஆனால் மலை ஏறி வால்பாறை, சின்னக்கல்லாறு போனால் மழை கொட்டுகிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மடக்கிக்கொள்ள, பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்கு வருவது பெரும்பாலும் காற்று. பல்லடம், உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆகவே ஜூலையில் கேரளாவில் வெள்ளமும் தாராபுரத்தில் வெறும் காற்றும் என்றால் அது பருவநிலை மாற்றம் இல்லை, மலை செய்யும் வேலை.

அப்புறம் மழைமானி. கடையில் வாங்கலாம், இல்லையென்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, அடி சமமான டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். மரத்தடியிலும் தாழ்வாரத்துப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் மரம், சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள், வானிலை ஆய்வுத் துறையின் கணக்கும் அதே நேரம்தான். ‘ஒரு உழவு மழை’ என்று எழுதாமல் மில்லிமீட்டரில் எழுதுங்கள். 25 மி.மீ. பெய்தால் ஒரு ஏக்கரில் சுமார் 1 லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

வருட மொத்தத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. ஜனவரி-பிப்ரவரி, மார்ச்-மே, ஜூன்-செப்டம்பர், அக்டோபர்-டிசம்பர் என நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் மழை நாட்கள் எத்தனை (2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள்), அதில் 50 மி.மீ. தாண்டிய நாட்கள் எத்தனை என்று தனித்தனியே எண்ணுங்கள். 600 மி.மீ. மழை நாற்பது நாளில் வந்தால் நிலக்கடலைக்கு நல்லது. அதே 600 பதினைந்து நாளில் வந்தால் பாதி ஓடையோடு போய்விடும், மொத்தத்தில் இது தெரியவே தெரியாது.

பக்கத்தில் எல் நினோ, லா நினாவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலிகிறது, நம் ஐப்பசி, கார்த்திகை மழையோ பல தடவை நன்றாகவே பெய்கிறது. எப்போதும் அப்படித்தான் என்றில்லை. இதற்கு நேர்மாறாக, அதே கடல் குளிரும் லா நினா பக்கம் சாய்ந்திருந்த 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது, அந்த வறட்சியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இப்படி ஏறி இறங்குவது எப்போதும் உள்ளதுதான். அதை வைத்து முடிவுக்கு வராமல், தாலுகா ஆபீஸில் பதிவாகும் மழைக் கணக்கைக் கேட்டு வாங்கி, 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

சரி, உலகம் சூடாவது எங்கே தெரியும்? காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். அதனால் பெய்யும்போது கனமாகப் பெய்கிறது, பெய்யாதபோது மண்ணிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சுகிறது. 1850-1900 காலத்தைவிட 2011-2020-இல் உலகம் சராசரியாக 1.1 டிகிரி சூடாகியிருந்தது. ஆனால் எல்லா மண்டலத்துக்கும் ஒரே பங்கு இல்லை. ஆர்க்டிக் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது, மத்தியதரைக்கடல் பக்கம் காய்ந்துகொண்டு வருகிறது. நம் நோட்டில் பார்க்க வேண்டியது, 50 மி.மீ. நாட்கள் கூடுகிறதா, இரண்டு மழைக்கு இடையில் மழையில்லாமல் காயும் நாட்கள் நீளுகிறதா என்பதைத்தான். முடிந்தால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் எழுதிவையுங்கள்.