துல்ஹஜ் முதல் பத்து நாள்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ரமலான் வந்தால் ஊரே நம்மைத் தூக்கி நிறுத்திவிடும். சஹருக்கு ஒலிபெருக்கியில் எழுப்புவார்கள். அஸருக்குப் (மாலைத் தொழுகை) பிறகு தூக்குவாளியோடு போனால் பள்ளிவாசலில் கஞ்சி கிடைக்கும். தராவீஹுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுக்கொண்டு போவார். ஹஜ் மாதமான துல்ஹஜ்ஜில் இதெல்லாம் கிடையாது. பத்தாம் நாள் வரும் பக்ரீத் பெருநாளுக்கு முந்தின நாள் மசாலா சாமான் வாங்கும்போதுதான் "அடடா, ஒன்பது நாளும் போச்சே" என்று உறைக்கும். எனக்குப் பல வருடம் அப்படித்தான் போனது.

இத்தனைக்கும், வேறு எந்த நாளில் செய்யும் அமலும் (நற்செயலும்) இந்தப் பத்து நாளில் செய்யும் அமலைவிடச் சிறந்ததில்லை என்று நபி (ஸல்) சொன்னதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. ஜிஹாதும்கூடச் சிறந்ததில்லையா என்று தோழர்கள் கேட்டார்கள். உயிரையும் பொருளையும் கொண்டுபோய் எதையும் திருப்பிக் கொண்டுவராதவரைத் தவிர என்று பதில் வந்தது. குர்ஆனில் 89ஆவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹ் சத்தியம் செய்யும் "பத்து இரவுகள்" இவைதாம் என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து.

எழுப்பிவிட ஆள் இல்லாததால் முன்கூட்டியே கொஞ்சம் ஏற்பாடு வேண்டும்.

1. பிறைக்கு முன்பே நகம் வெட்டுங்கள்

குர்பானி (பெருநாளில் ஆடு மாடு அறுத்துக் கொடுக்கும் வழிபாடு) கொடுக்கும் எண்ணம் உள்ளவர், துல்ஹஜ் பிறை தெரிந்ததிலிருந்து குர்பானி கொடுக்கும்வரை தலைமுடியும் நகமும் வெட்ட வேண்டாம் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ‘முஸ்லிம்’ என்ற தொகுப்பில் உண்டு. ஹனஃபி மத்ஹபில் (சட்ட வழியில்) இப்படி விட்டிருப்பது முஸ்தஹப்பு (விரும்பத்தக்கது). ஷாஃபிஈ மத்ஹபில் வெட்டுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). ஆகவே முந்தின மாதமான துல்கஃதா 29ஆம் நாள் அஸரோடு நகம், மீசை, அக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் நகம் வெட்டிப் பழகிய கைக்கு நடுவில் ஒரு வெள்ளி கட்டாயம் வரும். நகவெட்டியை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிடுவது நல்லது. ஒரு வருடம் நினைவில்லாமல் சலூனில் போய் உட்கார்ந்து, பாதி முடி வெட்டின பிறகு பதறினேன். எங்கள் ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) சிரித்துவிட்டு, "குர்பானி கூடிடும், கஃப்பாரா (பரிகாரம்) எதுவும் இல்லை, போங்க" என்றார்.

2. ஒரே ஒரு அமலைப் பிடியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர் செய்யும் தவறு இதுதான்: தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), லுஹா (முற்பகல் தொழுகை), தினம் ஒரு ஜுஸு (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்), ஒன்பது நோன்பு என்று பெரிய பட்டியல் போட்டு, மூன்றாம் நாளே எல்லாவற்றையும் விட்டுவிடுவது. ஐவேளைத் தொழுகையை நேரத்தோடு தொழுவதில் தடுமாற்றம் இருந்தால் இந்தப் பத்து நாளும் அதை மட்டும் சரிசெய்யுங்கள். பர்ளு (கடமை) இருக்கும்போது நஃபிலுக்கு (உபரி வணக்கத்துக்கு) ஓடுவதில் அர்த்தமில்லை. அது ஏற்கெனவே சரியாக இருந்தால், கூடுதலாக ஒன்று. ஒரு காகிதத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, செய்த நாளுக்கு டிக் அடியுங்கள். பிள்ளைகள் பார்த்துத் தங்களுக்கும் ஒரு தாள் கேட்பார்கள்.

3. தக்பீர்

இறைவனைப் பெருமைப்படுத்திச் சொல்வது. செலவில்லாத அமல். இப்னு உமரும் அபூ ஹுரைராவும் (ரலி) இந்த நாட்களில் கடைத்தெருவுக்குப் போய்த் தக்பீர் சொல்வார்கள், மக்களும் சேர்ந்து சொல்வார்கள் என்று புகாரியில் குறிப்பு இருக்கிறது. பஸ்ஸில், அடுப்படியில், துணி மடிக்கும்போது என்று எப்போதும் சொல்லலாம்:

*அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர், லாஇலாஹ இல்லல்லாஹு வல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர், வலில்லாஹில் ஹம்து.*

பிறை 9 சுப்ஹிலிருந்து (அதிகாலைத் தொழுகை) 13 அஸர் வரை, அதாவது 23 வேளை, பர்ளுத் தொழுகைக்குப் பிறகும் சொல்ல வேண்டும். ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். மாதவிடாயில் இருக்கும் பெண்களுக்குத் தொழுகையும் நோன்பும் இல்லை, ஆனால் திக்ருக்கும் (இறைநினைவுக்கும்) துஆவுக்கும் தர்மத்துக்கும் எந்தத் தடையும் இல்லை. "இந்த வருஷம் எனக்கு இல்லாமப் போச்சு" என்று வருந்த வேண்டியதில்லை.

4. நோன்பு, குறிப்பாக அரஃபா

ஒன்றிலிருந்து ஒன்பது வரை முடிந்த நாட்களில் நோற்கலாம். ரமலானில் விட்ட களா நோன்பு பாக்கி இருந்தால் அதை இப்போது தீர்ப்பது புத்திசாலித்தனம். களாவுக்கு இரவிலேயே நிய்யத் (நோற்கும் எண்ணம்) வைத்திருக்க வேண்டும். சுன்னத்தான (கடமையல்லாத, நபிவழியான) நோன்புக்கு, சுப்ஹிலிருந்து எதுவும் சாப்பிடாமல் இருந்தால், லுஹருக்கு (நண்பகல் தொழுகை) முன்புவரை நிய்யத் வைக்கலாம்.

ஒன்றுதான் முடியும் என்றால் ஒன்பதாம் நாளை, அதாவது ஹாஜிகள் அரஃபா மைதானத்தில் நிற்கும் நாளை விடாதீர்கள். கடந்த ஒரு வருடம், வரும் ஒரு வருடம் இரண்டின் பாவங்களுக்கும் அரஃபா நோன்பு பரிகாரமாகும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. அரஃபா மைதானத்தில் நிற்கும் ஹாஜிகளுக்கு இந்த நோன்பு இல்லை. அன்று நபி (ஸல்) நோன்பா இல்லையா என்று அங்கிருந்தவர்களுக்குச் சந்தேகம் வர, உம்முல் ஃபள்ல் (ரலி) ஒரு கோப்பை பால் அனுப்பினார்கள். ஒட்டகத்தின் மீதிருந்தபடியே நபி (ஸல்) வாங்கிக் குடித்தார்கள். எல்லோருக்கும் விடை தெரிந்துவிட்டது.

இனி, வருடா வருடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெடிக்கும் சண்டை. 2025இல் சவூதியில் ஜூன் 6 பெருநாள், தமிழ்நாட்டில் ஜூன் 7. அப்படியென்றால் அரஃபா நோன்பு, ஹாஜிகள் அரஃபாவில் நின்ற 5ஆம் தேதியா, நம் பிறைக்கணக்கில் ஒன்பதான 6ஆம் தேதியா? இரண்டு பக்கமும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் தன் மஹல்லா ஜமாஅத்தின் பிறைக்கணக்கைப் பின்பற்றுவதே நிம்மதி என்பது என் எண்ணம். மனம் கேட்கவில்லையென்றால் உள்ளூர்ப் பிறை எட்டும் ஒன்பதும் நோற்றுவிடுங்கள். எட்டும் இந்த ஒன்பது நாளில் ஒன்றுதானே. யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

பத்தாம் நாளும், அதையடுத்த 11, 12, 13ஆம் நாட்களும் நோன்பு கூடாது.

5. தினம் ஒரு சின்ன தர்மம்

காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்து, தினம் காலையில் இருபது ரூபாயோ ஐம்பதோ போடுங்கள். பெருநாளுக்கு முந்தின நாள் எடுத்து, தெருவில் கஷ்டப்படும் ஒரு வீட்டில் கொடுத்துவிடுங்கள். அவர்களும் மசாலா சாமான் வாங்க வேண்டுமே.

6. குர்பானி

ஆட்டின் உதட்டை விலக்கிப் பாருங்கள். வெள்ளாட்டுக்கு ஹனஃபியில் ஒரு வயது, ஷாஃபிஈயில் இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பல் போட்டிருப்பதுதான் சந்தையில் கிடைக்கும் அடையாளம். கண் தெரியாதது, நொண்டி, நோயாளி, எலும்பும் தோலுமாக மெலிந்தது கூடாது. கொஞ்சம் நடக்கவிட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஆடு ஒருவருக்கு, மாட்டிலும் ஒட்டகத்திலும் ஏழு பேர் கூட்டுச் சேரலாம்.

பெருநாள் தொழுகைக்குப் பிறகே அறுக்க வேண்டும், முன்பே அறுத்தால் அது வெறும் இறைச்சி. தொழுகைக்கு முன் எதுவும் சாப்பிடாமல் போவதும், போன வழி ஒன்று வந்த வழி ஒன்றாகத் திரும்புவதும் சுன்னத்.

பலர் கோட்டை விடும் இடம் அறுப்புக் கூலி. தோலையோ இறைச்சியையோ கூலியாகக் கொடுக்கக் கூடாது, தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) இதைத்தான் கட்டளையிட்டார்கள். கூலி கொடுத்த பிறகு, அன்பளிப்பாக ஒரு பங்கு கறி அவருக்கும் கொடுக்கலாம். தோலை மதரஸாவிலிருந்து வந்து வாங்கிக்கொள்வார்கள். உப்புத் தடவி வையுங்கள், வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஆடு அறுத்து முடிந்ததும் அலமாரி மேலிருந்து நகவெட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை மட்டும் பிறை 13 அஸர் வரை கிழிக்காதீர்கள், தக்பீர் இன்னும் பாக்கி இருக்கிறது.